காட்டுக்குள் ஒரு ஜீப் ஊர்வலம்!

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஹீல்ஸ்வில். விடுமுறை நாள் காலைகளில் இந்தச் சின்ன ஊர் வழியாக ஜீப்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். 'ஜீப்' என்பது நம் வசதிக்குச் சொல்வது. லேண்ட் குரூசர், நிசான் பேட்ரோல், நம் ஊருக்கும் வந்துவிட்ட ஜிம்னி என்று எல்லாம் கலந்திருக்கும். எல்லாமே ஃபோர் வீல் டிரைவ். நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜினின் சக்தி போகும். போகிற இடம், டூலாங்கி காடு.

விக்டோரியா மாநிலத்தில் இப்படிப்பட்ட வண்டிக்காரர்களின் கிளப்கள் நிறைய உண்டு. ஓய்வு பெற்ற தம்பதிகள், பிள்ளைகளோடு வரும் அப்பா அம்மா, புதிதாக வண்டி வாங்கிய இளைஞர்கள் என எல்லா வயதினரும் உறுப்பினர்கள். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடும் ஒருநாள் பயணம்தான் புதியவர்களுக்கு முதல் பாடம்.

காட்டு எல்லைக்கு வந்ததும் முதல் வேலை, டயரில் காற்றைக் குறைப்பது. தார்ச் சாலையில் 35 அளவில் இருந்த காற்றை 25 வாக்கில் இறக்குவார்கள். டயர் சற்றுத் தட்டையாகி, மண்ணை அகலமாகப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் வழுக்கிச் சுழலாது, பாதையும் அதிகம் பள்ளமாகாது. அடுத்து ரேடியோ. பல இடங்களில் செல்போன் எடுக்காது என்பதால் ஒவ்வொரு வண்டியிலும் யு.எச்.எஃப். ரேடியோ இருக்கும். முன்னால் போகிறவர் பயணத் தலைவர். கடைசி வண்டிக்காரருக்கு 'டெயில் எண்ட் சார்லி' என்று செல்லப் பெயர்.

பாதை பிரியும் இடத்தில் ஒரு விதி உண்டு. பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை முன் வண்டி நகரக் கூடாது. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. அதனால் பத்து வண்டி போனாலும் ஒன்றுகூடத் தொலையாது.

ஏற்றத்தில் நின்றுவிட்டால்?

ஈர மண், செங்குத்தான ஏற்றம். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டால் புதியவருக்குக் கை நடுங்கும். அப்படியே வளைத்துத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். உயிருக்கே ஆபத்தான எண்ணம் அது. சரிவில் குறுக்காகத் திரும்பும் வண்டி உருண்டுவிடும். பிரேக்கை அழுத்தி, ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த வழியிலேயே நேராகப் பின்னால் மெதுவாக இறங்குவதுதான் முறை. இறக்கத்திலும் அப்படித்தான். பிரேக்கை நம்பாமல், கியரைக் குறைத்து இன்ஜினின் பிடியில் இறங்க வேண்டும்.

சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க நாடா போன்ற பட்டை இருக்கும். அதை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மட்டும் மாட்டவே கூடாது. இழுப்பின் வேகத்தில் உருண்டை பிய்ந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. இழுக்கும்போது குழந்தைகளைத் தூரமாக நிறுத்திவிடுவார்கள்.

வானம் தொடும் மரங்கள்

மதியச் சாப்பாடு மரத்தடியில். ஃபிளாஸ்க் டீ, சாண்ட்விச், வீட்டில் செய்த கேக். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். 'மௌண்டன் ஆஷ்' என்ற யூகலிப்டஸ் வகை மரங்கள் அவை. பூக்கும் மரங்களில் உலகிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று. இங்குள்ள 'கலாதா ஜெயன்ட்' என்ற மரத்துக்கு முந்நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். புதருக்குள் லயர் பறவையும் உண்டு. மற்ற பறவைகளின் குரலை அச்சு அசலாகத் திருப்பிச் சொல்லும் இந்தப் பறவை, ஆஸ்திரேலியாவின் பத்து சென்ட் நாணயத்திலும் இருக்கிறது.

இந்த மலைப்பகுதியின் காடுகளுக்குத் தீ பழைய எதிரி. 1939 ஜனவரியில் மாநிலம் முழுக்கப் பரவிய தீயில் 71 பேர் இறந்தார்கள். 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் வெயில் 46.4 டிகிரி. அன்று மூண்ட தீயில் 173 பேர் இறந்தார்கள். பக்கத்து ஊரான மேரிஸ்வில் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோனது.

கடும் தீயில் மௌண்டன் ஆஷ் செத்துவிடும். பிறகு விதையிலிருந்துதான் புதுக் காடு முளைக்க வேண்டும். அந்தக் கன்றுகள் வளர்ந்து நிறைய விதை கொடுக்க 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் விதைக்க எதுவும் மிஞ்சாது. 2009-க்குப் பிறகு முளைத்த மரங்கள் இப்போதுதான் அந்த வயதைத் தொட்டிருக்கின்றன. லெட்பீட்டர்ஸ் போசம் என்ற குட்டி விலங்குக்கும் இதுவே தலையெழுத்து. அழிந்தே போனதாக நினைத்திருந்த இதை 1961-ல் மேரிஸ்வில் அருகே மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று மாநிலத்தின் விலங்குச் சின்னமே இதுதான். குடியிருக்க வயதான மரத்தின் பொந்து வேண்டும். பொந்து விழ நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

வண்டியும் காடும்

இப்படிப்பட்ட காட்டுக்குள் வண்டிகள் போகலாமா? கேள்வி நியாயமானது. மரம் வெட்டவும் தீயணைக்கவும் போட்ட தடங்கள்தான் இங்கே அதிகம். மாநிலத்தின் அரசுக் காடுகளில் வணிகத்துக்காக இயற்கை மரங்களை வெட்டுவது 2024 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. தடங்கள் இருக்கின்றன. ஆனால், அவற்றை விட்டு ஓர் அடி விலகி ஓட்டுவதும் சட்டப்படி குற்றம்.

மழைக்காலத்தில் ஈரத் தடம் சக்கரம் பட்டால் சிதைந்துவிடும் என்பதால், ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை பல தடங்களைப் பூட்டிவிடுகிறார்கள். கடும் தீ அபாய நாட்களில் நெருப்பு மூட்டவே கூடாது. கிளப்காரர்கள் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதோடு, பாதையில் விழுந்த மரங்களை அகற்றுவது, குப்பை பொறுக்குவது போன்ற வேலைகளையும் தொண்டாகச் செய்கிறார்கள்.

மாலையில் காட்டை விட்டு வெளியே வந்ததும் டயருக்கு மறுபடி காற்று. வீட்டுக்குப் போனால் வண்டிக்கு நல்ல குளியல். அழகுக்காக மட்டும் அல்ல. விக்டோரியாவின் காடுகளில் செடிகளின் வேரை அழுகவைக்கும் ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமி, டயரில் ஒட்டிய சேற்றோடும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் பயணம் செய்கிறது. அடுத்த பயணத்துக்கு முன்னால் அந்தச் சேற்றைக் கழுவிவிடுவதும் பயணத்தில் சேர்ந்ததுதான்.