செம்மண் படிந்த இஞ்சின்

மாதிரி ரயில் இஞ்சினை அதன் மூலத்தைப் போலவே காட்ட இரண்டு வேலைகள் உண்டு. விடுபட்ட உறுப்புகளைச் சேர்ப்பது ஒன்று. ஓடித் தேய்ந்த தோற்றத்தை ஏற்றுவது மற்றொன்று. இரண்டுக்கும் விதி ஒன்றே: காரணம் இல்லாமல் ஒரு கம்பியும் வேண்டாம், ஒரு கறையும் வேண்டாம். அந்தக் காரணங்கள் இஞ்சின் ஓடிய ஊரிலும் அது செய்த வேலையிலும் கிடைக்கின்றன.

எடுத்துக்காட்டாக, மலாயாவின் நெகிரி செம்பிலானில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் மம்பாவ் வழியாக இணைக்கும் பாதை 1891இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மீட்டர் அகலப் பாதையைச் சுங்கை ஊஜோங் ரயில்வே என்ற தனியார் கம்பெனி போட்டது. சுரங்கத்து ஈயம் துறைமுகம் போய்ச் சேரப் பிறந்த பாதை, பிறகு ரப்பர்த் தோட்டங்களின் நடுவே ஓடும் பாதையானது. 1908இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் ரயில்வே இதை வாங்கிக்கொண்டது. மலாயாவில் தண்டவாளம் போட்டதிலும் அதைப் பழுதுபார்த்ததிலும் செந்தூல் பட்டறையில் இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியதிலும் தமிழர் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. இஞ்சினில் படிந்த அழுக்கு அந்த உழைப்பின் தடம்.

மலாயாவின் நீராவிக் காலத்தை மாதிரியில் காட்ட 56ஆம் வகுப்பு நல்ல எடுத்துக்காட்டு. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி 1938க்கும் 1946க்கும் இடையே இவற்றில் 66 இஞ்சின்களைக் கட்டியது. முன்னே நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு இயக்கு சக்கரம், பின்னே இரண்டு, உருளைகள் மூன்று. எண்ணே வகையைச் சொல்லிவிடும்: 564.36 என்றால் 56ஆம் வகுப்பு, நான்காம் உட்பிரிவு, 36ஆவது இஞ்சின். அதன் பெயர்ப்பலகை ‘தெமர்லோ’. மற்ற பலவும் இப்படி ஊர்ப்பெயர் தாங்கியவை.

முதலில் ஓர் இஞ்சினையும் ஓர் ஆண்டையும் முடிவு செய்ய வேண்டும். பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரியை எரித்துவந்த இந்த வகுப்பு 1950களில் எண்ணெய்க்கு மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டென்றால், இஞ்சினுக்குப் பின்னுள்ள டெண்டரில் கரிக்குவியலும், புகைப்பெட்டிக் கதவின் அடியில் சாம்பல் தடமும் வரும். பிந்தைய ஆண்டென்றால் கரி இருந்த இடத்தில் எண்ணெய்த் தொட்டியும் அதன் மூடியும் வர வேண்டும். சாம்பலுக்கு வேலை இல்லை. இந்தத் தேதியைக் குழப்பினால், எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் மாதிரி பொய் சொல்லும். ஆகவே அதே எண்ணுள்ள இஞ்சினின் புகைப்படங்களை, இயன்றவரை இரு பக்கங்களிலிருந்தும் எடுத்தவற்றை, முதலில் தேட வேண்டும்.

அடுத்தது உறுப்புகள். 87இல் ஒரு பங்கு அளவில் மீட்டர் பாதை பதினொன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கும்; அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வழக்கம். இந்த அளவில் அச்சில் வார்த்த கைப்பிடி தடித்துத் தெரியும். அதைச் செதுக்கி எடுத்துவிட்டு, துளையிட்டு மெல்லிய பித்தளைக் கம்பியைப் பொருத்துவார்கள். பிரேக் குழாய், விளக்கு, பெயர்ப்பலகை ஆகியவை பின்னால் வரும். எண்ணை ஒட்டியபின் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு. அந்தச் சொரசொரப்பில்தான், பிறகு தூசியாகத் தூவும் நிறப் பொடி பிடிக்கும்.

பழமையை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் ஏற்ற வேண்டும். நீர்த்த கரும்பழுப்பைத் தடவி, மேலிருந்து கீழாகத் துடைத்தால் மழை வடிந்த கோடு கிடைக்கும். கிடைமட்டத் துடைப்பு எந்த மழையிலும் நேராது. புகைபோக்கியைச் சுற்றியும் கூரையிலும் கரும்புகை. எண்ணெய் ஊற்றும் மூடியிலிருந்து டெண்டர் பக்கமாக வழியும் தடம் பளபளப்பாக இருக்க வேண்டும். எண்ணெய் மங்கி நிற்காது. ஆவி கசியும் இணைப்புகளின் அடியில் வெளிறிய கோடு. டிரைவரும் பயர்மேனும் ஏறி இறங்கும் படியில் வண்ணம் தேய்ந்து இரும்பு தெரியும். கைப்பிடியில் பிடித்துப் பிடித்து மெருகேறியிருக்கும்.

சக்கரத்தையும் அடிப்பகுதியையும் ஊர் மண் நிறமாக்குகிறது. நெகிரி செம்பிலானின் செம்மண் மழையில் தெறித்து, வெயிலில் காய்ந்து, எண்ணெயோடு குழைந்து செம்பழுப்பாகிறது. ஐரோப்பியப் பாதைகளுக்கென விற்கும் சாம்பல் நிறப் பொடி இங்கே பொருந்தாது. ஊர் மண்ணையே காயவைத்து, துணியில் சலித்துப் பயன்படுத்தலாம். அதற்குமுன் அதில் காந்தத்தை ஓட்டி இரும்புத் துகளை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அது மாதிரியின் மோட்டாருக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். தண்டவாளத்தைத் தொடும் சக்கர விளிம்பை மட்டும் சுத்தமாக வைக்க வேண்டும். மின்சாரம் ஏறுவது அதன் வழியாகத்தான். அசல் இஞ்சினிலும் அந்த விளிம்பு ஓடி ஓடி வெள்ளியாக மின்னுவதே.

கடைசியில் மாதிரியைக் கையில் தூக்கிப் பார்க்காமல், தண்டவாளத்தில் நிறுத்தி ஒரு முழம் தள்ளி நின்று, புகைப்படத்தோடு ஒப்பிட வேண்டும். காரணம் சொல்ல முடியாத கறையைத் துடைத்துவிட்டு, மங்கல் வார்னிஷை மெல்லத் தெளிக்கலாம். எண்ணெய் வழிந்த இடத்தை மட்டும் மறைத்து வைத்துக்கொண்டால் அதன் பளபளப்பு கெடாது.