மூன்று வாசல் ஹெட்

1947 மாடல் செவ்ரோலே ஃப்ளீட்மாஸ்டரின் ஹெட்டைக் கழற்றி பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தால் முதலில் கண்ணில் படுவது அதன் கஞ்சத்தனம். ஆறு சிலிண்டருக்கு மூன்றே இன்டேக் துளைகள். இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே வாசலில் மூச்சு வாங்கியாக வேண்டும். 216 கன அங்குல இன்ஜின், 90 குதிரைத்திறன், கம்ப்ரெஷன் ஆறரைக்கு ஒன்று. மட்டமான பெட்ரோலையும் முகம் சுளிக்காமல் குடிக்கும், சத்தமே இல்லாமல் நிற்கும், நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறச் சொன்னால் மட்டும் திணறும். அந்தத் திணறலைத் தீர்க்க ஒரு காலத்தில் கோயம்புத்தூரில் ஆள் இருந்தது. எனக்கு ஏக்கமெல்லாம் அந்த ஆட்களையும் அவர்கள் வேலை செய்த ஊரையும் நினைத்துத்தான்.

1928-இல் பம்பாய் சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை வந்தது, 1954-இல் மூடினார்கள். இடைப்பட்ட காலத்தில் அங்கே பூட்டி அனுப்பிய செவ்ரோலேக்கள் காராகவும் லாரியாகவும் பஸ்ஸாகவும் நாடெங்கும் ஓடின. யுத்தத்தின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடின அல்லவா, அதற்கும் இந்த மாதிரி பெட்ரோல் இன்ஜின்கள்தான் ஈடுகொடுத்தன. 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதும் நிலைமை மாறியது. பெரிய அமெரிக்கக் கார் வைத்திருந்தவர்கள் டீசல் இன்ஜினை மாட்டிக்கொண்டு, கழற்றிய ஆறு சிலிண்டரை எடைக்குப் போட ஆரம்பித்தார்கள்.

எங்கள் பெரியப்பாவின் பட்டறை கோயம்புத்தூர் கணபதியில் இருந்தது. எழுபதுகளின் கடைசியில், லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் தன் ஃப்ளீட்மாஸ்டரை டீசலுக்கு மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அவருக்கு வால்பாறைக்குப் போக்குவரத்து உண்டு. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. "ஏனுங்க மேஸ்திரி, பெரிய கார்புரேட்டர் ஒண்ணு மாட்டிட்டா ஏறிடுமுங்களா?" என்று கேட்டார். பட்டறை மேஸ்திரி உடனே பதில் சொல்லவில்லை. "கார்புரேட்டர் மாட்டறது ஒரு மணி நேர வேலைங்க. வாசலைப் பெருசு பண்ணாம வாளியை மட்டும் பெருசு பண்ணி என்னங்க ஆகப் போகுது?" என்றார் கடைசியில்.

உக்கடத்தில் பழைய லாரிக் கார்புரேட்டர் ஒன்று கிடைத்தது. அதன் வாய் மேனிஃபோல்டின் வாயைவிடப் பெரிது, போல்ட் துளைகளும் பொருந்தவில்லை. நடுவில் வைக்க ஒரு அலுமினியத் துண்டு தேவைப்பட்டது. பேட்டர்ன் ஆசாரி மரத்தில் செதுக்கிக் கொடுத்தார். பக்கத்து பவுண்டரியில் ஊற்றினார்கள். எதிர்ச்சாரியில் லேத் பிடித்து உள்வாயைச் சரிவாகக் கடைந்தார்கள். இத்தனையும் நடந்து போகிற தூரத்துக்குள். நெசவு ஆலைகளும் பம்புசெட்டும் வளர்த்த ஊரில்தான் இது நடக்கும். 1937-இல் நாட்டிலேயே முதல் மின்மோட்டாரைச் செய்துகாட்டிய ஊர் இது. ஒரு காருக்காக ஒரே ஒரு துண்டு வார்த்துக் கொடுப்பதை இங்கே யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

ஹெட் வேலை அதற்கப்புறம். புது காஸ்கெட்டை வைத்து நீலம் தடவிய முகத்தில் ஊசியால் கோடு கீறினார் மேஸ்திரி. அந்தக் கோடு வரைக்கும் துளையைத் திறக்கலாம். கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதுதான் கேள்வி. வாசலை அடுத்தே தண்ணீர் ஓடும் அறை. வார்ப்பில் கோர் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் சுவர் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவி, சுண்டிச் சத்தம் கேட்டு, அவர் கணக்குப் போட்டார். பொத்துக்கொண்டால் வார்ப்பிரும்பை அப்படியே வெல்டிங் செய்ய முடியாது. கரி நெருப்பில் ஹெட் முழுவதையும் சூடேற்றிப் பித்தளை வைத்து ஒட்டி, மெதுவாக ஆற விட வேண்டும். அப்படியும் பிளக்கலாம். "இரும்பை எடுத்தா எடுத்ததுதான் கண்ணு, திரும்ப வெக்க முடியாது" என்று எனக்குச் சொல்லிவிட்டு, வளைந்த அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டு சிலிண்டருக்கும் பாதை பிரிகிற நடுச்சுவரை மட்டும் கத்திமுனைபோல ஆக்காமல் மழுங்கலாக விட்டார். பாதி திறந்த வால்வின் பின்புறம் கலவை தயங்கும் என்று, வால்வு கைடைச் சுற்றிய முண்டை இழைத்தார்.

பிறகு வால்வுக்குப் பசை தடவி, குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, சீட்டில் மங்கலான ஒரு வளையம் முழுசாகத் தெரியும்வரை தேய்த்தார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தார். எங்கிருந்தோ ஒரு பியூரெட் வாங்கி வந்திருந்தார், கெமிஸ்ட்ரி லேபில் இருக்குமே, அதுதான். கண்ணாடித் தகட்டில் கிரீஸ் தடவி ஒவ்வொரு அறையின் மேலும் மூடி, சிறு ஓட்டை வழியாகத் திரவத்தை இறக்கி ஆறு அறையின் கொள்ளளவையும் அளந்தார். எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாதவர். குறைந்த அறையைக் கொஞ்சம் தேய்த்து மற்றவற்றுக்குச் சமமாக்கிவிட்டுத்தான் ஹெட்டின் முகத்தை இழைக்க அனுப்பினார். அதற்குப் பிறகு அவ்வளவு நேர்மையான அளவெடுப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கலிபோர்னியாவில் இதே இன்ஜினுக்கு வேய்ன் என்று பன்னிரண்டு வாசல் ஹெட்டே தனியாக வார்த்து விற்றார்கள் என்பதைப் பின்னாளில் படித்தேன். 1960-இல் வந்த ஃபோர்டு ஃபால்கனில் மேனிஃபோல்டும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. அதில் பெரிய கார்புரேட்டர் வைப்பதற்கு ஹெட்டையே அறுத்து மட்டம் செய்ய வேண்டும். அங்கே அவர்களுக்குப் பட்டியலும் கடையும் இருந்தன. எங்கள் மேஸ்திரிக்கு இருந்தது ஒரே ஒரு ஹெட், அதுவும் கெட்டால் மாற்று இல்லை.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த இன்ஜினில் கனெக்டிங் ராடுக்கு ஒயிட் மெட்டல் பேரிங். ஆயில் பம்பின் முழு அழுத்தம் அதுவரை போகாது, சம்ப்பில் முக்கித் தெறிக்கிற எண்ணெய்தான் காப்பாற்றும். மேலே மூச்சு தாராளமானதும் யாராவது விரட்டி ஓட்டினால் கீழே பேரிங் உருகும். அதனால் கார்புரேட்டரின் வாயை முழுக்கத் திறக்காதபடி லிங்க்கில் ஒரு தடுப்பு வைத்தார். ஜெட்டுக்கும் அதே நிதானம். பொள்ளாச்சியில் பிளக் காப்பித்தூள் நிறத்தில் வந்தது. வால்பாறையில் காற்று மெலிந்ததும் கருத்தது. மேலுக்கும் கீழுக்கும் பொதுவாக ஒரு ஜெட்டைத் தேடிப் பிடித்தார். வண்டி ஏறியது. இரண்டாம் கியரில் அது இழுத்த கனத்த ஒரே சீரான முனகல் இன்னும் எனக்கு வேண்டியிருக்கிறது. நாலு சிலிண்டர் எதிலும் அந்தச் சத்தம் இல்லை.

சோழவரம் ரேஸுக்குப் போன கோவைக்காரர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். 1988-இல் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை இங்கே உருவாக்கிய கரிவரதன், 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம். அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார். அவர்களுக்குப் பின்னால் இப்படி அரம் பிடித்த கைகள் நிறைய இருந்தன. அவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அவினாசி ரோட்டு ஜி.டி. மியூசியத்தில் பழைய கார்களைப் பார்க்கலாம். பானட்டைத் திறந்து இந்த வாசலை எப்படிப் பெரிதாக்கினார்கள் என்று சொல்ல அங்கே ஆள் வேண்டும்.

2000-இல் ஈயப் பெட்ரோல் போனது. கடினப்படுத்தாத பழைய வால்வு சீட்டுகள் அமுங்கத் தொடங்கின. இப்போது எத்தனால் கலந்து வருகிறது. பழைய கார்புரேட்டரின் ரப்பரும் கார்க்கும் அதைத் தாங்காது. இரண்டுக்கும் மருந்து உண்டு: சீட்டுக்குக் கடின இரும்பு வளையம், கார்புரேட்டருக்குப் புது சீல். செய்யத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தோப்பு வீட்டிலோ ரைஸ் மில் ஷெட்டிலோ ஆறு சிலிண்டர் ஹெட் ஒன்று சாய்ந்து கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த வயதான மேஸ்திரி முன்னால் அதை வையுங்கள். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டச் சொல்லி, போனில் படம் எடுத்து வையுங்கள். இந்த வருஷமே செய்யுங்கள்.