பாலும் ஹாலும்

சேலத்தில் பஸ் ஏறும்போது வியர்த்துக் கொட்டியது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சூளகிரி தாண்டி ஓசூரில் இறங்கினால் சிலுசிலுவென்று காற்று! கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரமாயிற்றே. ஒரு பக்கம் ரோஜாத் தோட்டங்கள். இன்னொரு பக்கம் லாரி, கடிகாரம், மோட்டார் சைக்கிள் செய்யும் தொழிற்சாலைகள். பெங்களூர் வெறும் 40 கிலோமீட்டர்தான்.

நான் போனது ஊர் சுற்ற அல்ல. என் தங்கை குடும்பம் ஜூன் மாதம் பெங்களூரிலிருந்து இங்கே மாறி வந்திருந்தது. தங்கை கணவர் கன்னடக்காரர்; வீட்டில் மாமியாரோடு எல்லாமே கன்னடம்தான். ஏழு வயது மகளை இரண்டாம் வகுப்பில் சேர்த்தார்கள். 2006-ம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் முதல் வகுப்பிலிருந்தே தமிழ்ப் பாடம் உண்டே! காலை எட்டு மணியானால் போதும், "ஹொட்டெ நோவு" என்று குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். வகுப்பில் வாயே திறப்பதில்லையாம்.

"பேசாம கன்னட வழிப் பள்ளிக்கே மாத்திடலாமாக்கா?" என்று தங்கை அழுதாள். இந்த எல்லைப் பகுதியில் கன்னட, தெலுங்கு வழி அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன.

"அதுவும் தப்பில்லே. ஒரு மாசம் பொறுத்துப் பாருடி" என்றேன்.

மறுநாள் குழந்தையைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனேன். பூக்காரம்மா ஒரே மூச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசி வியாபாரம் செய்தாள். குழந்தை வாய் பிளந்து பார்த்தாள்.

"இது என்னடா கண்ணு?"

"ஹூவு."

"நாங்க பூன்னு சொல்லுவோம்."

பால் கடையில் "ஹாலு" என்றாள். நான் "பால்" என்றேன். சற்று யோசித்தவள், "பெரியம்மா, 'ஹ'வை எடுத்துட்டு 'ப' போட்டா தமிழா?" என்று கன்னடத்திலேயே கேட்டாளே பார்க்கணும்! ஹுலி புலியாயிற்று, ஹல்லு பல்லாயிற்று, ஹாவு பாம்பாயிற்று. எல்லா வார்த்தைக்கும் இது பலிக்காது. ஆனாலும் விளையாட்டுப் பிடித்துவிட்டது. இரவு அவள் அப்பா, "பழைய கன்னடத்தில் எங்களுக்கும் 'ப'தான்" என்று சிரித்தார்.

அதன்பின் வீடே மாணவர்களாயிற்று. தட்டில் அரிசியைப் பரப்பி, அஜ்ஜியும் பேத்தியும் சேர்ந்தே 'அ' எழுதினார்கள். அஜ்ஜியின் கை நடுங்கிக் கோணலாக வந்ததும், அதைத் திருத்தியது குழந்தைதான். அன்றுதான் அவள் முகம் மலர்ந்தது. ஆசிரியையிடமும் விஷயத்தைச் சொன்னோம். வீட்டில் கன்னடத்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்லி, தமிழும் தெரிந்த ஒரு தெலுங்குச் சிறுமியின் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார்.

நான் கிளம்பிய அன்றும் வயிற்று வலி வந்தது. ஆனால் பைக்கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள். வகுப்பில் இதுவரை பேசியது நாலைந்து வார்த்தைகள்தானாம். இருக்கட்டுமே!

பிள்ளைகள் வயிறு வலிக்கிறது என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேளுங்கள்.

பஸ் ஏறும்போது பெயர்ப் பலகையைப் பார்த்தேன். கன்னடத்தில் 'ஹொஸ' என்றால் புதிய; ஹொஸூரு என்றால் புதூர். இதைக் குழந்தையிடம் சொல்ல மறந்துவிட்டேனே! சேலம் போனதும் முதல் வேலையாக அவளுக்குப் போன் போட்டேன்.