இருபதா, எழுபதா?

நவம்பர் 28, 2024, வியாழன்

வங்கக் கடலில் இருக்கிற சின்னம் புயலாகுமா ஆகாதா என்று டிவியில் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். எனக்குப் பொறுமையில்லை. சாயங்காலம் மழை விட்ட நேரம் பார்த்து மொட்டைமாடிக் கம்பத்தில், ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்கான ஏன்டெனாக் கம்பியின் நடுவைக் கட்டி, ஒரு முனையைத் தென்னைக்கும் மறுமுனையைப் பின்கட்டு வேம்புக்கும் கயிறு போட்டு இழுத்தேன். 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி வேண்டும். கிட்டத்தட்ட மூன்று சேலைப் பாவின் நீளம். எதிர்வீட்டுத் தறிக்கார அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, மழைக்காலத்துல பாவு நீட்டுற?" என்றார்.

கம்பியை வேண்டுமென்றேதான் தாழக் கட்டியிருக்கிறேன். தாழ இருந்தால் அலை நேரே மேலே போகும். அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போல நம் தலைமேலேயே இறங்கும். கடலூர், வேலூர், சேலம் எல்லாம் அந்தக் குடைக்குள் வந்துவிடும். நடுவில் டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம். கையடக்க செட் இருக்கிறதே, அது 144 மெகாஹெர்ட்ஸ். கண்ணுக்கெட்டிய தூரம்தான் அதற்கு எல்லை. இங்கிருந்து காஞ்சிபுரம் எட்டினாலே பெரிசு.

நவம்பர் 29, வெள்ளி

சின்னம் புயலாகிவிட்டது. பெயர் ஃபெஞ்சல்.

இரவு நண்பர்கள் நாலு பேர் செட்டில் கூடி ஒத்திகை பார்த்தோம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது போன்கள் ஊமையானதைப் பார்த்த பிறகுதான் நான் தேர்வெழுதி ஹாம் உரிமம் வாங்கினேன். தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு. 12 வயது ஆனவர் யாரும் எழுதலாம். மின்னியல், வானொலி, விதிமுறை என்று எல்லாம் கேட்கிறார்கள். கேட்டதை அப்படியே எழுதத் தெரியுமா என்று மட்டும் கேட்பதில்லை.

அதை நான் பட்டுத்தான் கற்றேன். முன்பு ஓர் ஒத்திகையில் "இருபது போர்வை தேவை" என்று வந்த செய்தியை "எழுபது" என்று எழுதி அடுத்தவருக்கு அனுப்பினேன். இரைச்சலில் முதல் இரண்டெழுத்தும் விழுங்கப்பட்டன. "பது" மட்டும் காதில் விழுந்தது. மிச்சத்தை என் மனசு நிரப்பிக்கொண்டது. ஒத்திகையாக இருந்ததால் பிழைத்தோம். நிஜமாக இருந்திருந்தால் ஒரு முகாமில் ஐம்பது போர்வை தேங்கிக் கிடந்திருக்கும், இன்னொன்றில் ஐம்பது பேர் குளிரில் நடுங்கியிருப்பார்கள்.

அன்றிலிருந்து எண்ணை உடைத்தே சொல்கிறோம்: "இரண்டு, சைபர்." ஆங்கிலப் பெயருக்கு ஆல்ஃபா, பிராவோ இருக்கிறது. தமிழ்ப் பெயருக்கு நாங்களே வைத்துக்கொண்டது 'க'வுக்குக் கப்பல், 'ப'வுக்குப் பம்பரம். அனுப்பியவர், பெறுபவர், நேரம், சொல் எண்ணிக்கை என்று வரிசையாக எழுதி, முழுவதும் திருப்பி வாசித்து, மறுமுனை "சரி" சொன்ன பிறகே பேனாவை மூடுவது. குழந்தை விளையாட்டுப் போலத்தான் இருக்கும்.

நவம்பர் 30, சனி

மதியத்திலிருந்து விடாத மழை. ஏழு மணிக்குக் கரண்ட் போனது. அப்பாவின் குழித்தறியில் கால் வைக்கிற பள்ளத்தில் தண்ணீர் ஊறுகிறது. பாவை நேற்றே சுருட்டி மேலே ஏற்றிவிட்டோம்.

செட்டைக் கார் பேட்டரியில் மாட்டினேன். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் ஓரிரு ஆம்பியர்தான் இழுக்கும். நூறு வாட்டில் பேச ஆரம்பித்தால் இருபது ஆம்பியர் உறிஞ்சும். கேட்பது மலிவு, பேச்சுதான் செலவு. அதனால் எங்கள் கூட்டத்தில் ஒருவர் மணிக்கு ஒருமுறை பெயர் கூப்பிடுவார். மற்றவர்கள் "இருக்கிறேன், செய்தி இல்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அரட்டை கூடாது. யாராவது ஒருவர் பலவீனமான குரலில் உதவி கேட்டால் அந்த இடைவெளியில்தான் கேட்கும்.

இரவு ஏற ஏறப் பக்கத்து ஊர்க் குரல்கள் தேய்ந்து, எங்கோ தூர தேசத்துப் பேச்சுகள் மேலே வந்தன. பதினொன்றுக்கு இரைச்சல் மட்டும்தான். போனில் ஒரு கோடு சிக்னல் கடைசிவரை இருந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

புயல் நேற்றிரவு புதுச்சேரி அருகே கரை கடந்திருக்கிறது. அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியிருக்கிறது. இங்கே சாய்ந்தது இரண்டு முருங்கை.

"ராத்திரி பூரா முழிச்சிருந்தியே, யாருக்காவது ஏதாவது சொன்னியா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. கேட்டுட்டு இருந்தேன்."

"அதுக்கா இவ்ளோ கம்பி?"

பதில் வரவில்லை எனக்கு.

டிசம்பர் 26, வியாழன்

சுனாமிக்கு இன்று இருபது வருஷம். 2004இல் ஹாம் நிலையம் நடத்த போர்ட் பிளேர் போயிருந்தார் ஹாம் வானொலிக்காரர் பாரதி பிரசாத். அந்த நிலையத்தின் அழைப்புக் குறி VU4RBI. அந்த அழைப்புக் குறியை எட்டிப்பிடிக்க உலகம் முழுக்க ஹாம்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. 26ஆம் தேதி காலை தரை ஆடியது. பொழுதுபோக்குக்கு வைத்த அதே செட்டும் ஏன்டெனாவும் தீவுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் செய்திப் பாலமாகிவிட்டன. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டவர்களுக்குப் பெயர் பெயராக விசாரித்துச் சொன்னார்கள். கருவி அங்கே இருந்தது அதிர்ஷ்டம். அதன் முன்னால் பேர்களைப் பிசகாமல் எழுதிக்கொள்ளும் கை இருந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

சாயங்காலம் அம்மாவோடு விஜயராகவப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். புள், அதாவது பறவை, விழுந்த குழி எங்கள் ஊர். ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்கிறது தலவரலாறு. சின்ன வயதில் சிறகு வெட்டுண்ட கதைதான் பிடிக்கும். இன்று குளக்கரையில் உட்கார்ந்தபோது வேறொன்று தோன்றியது. உயிர் போகிற நேரத்தில் ஜடாயு சொன்னதில் முக்கியமானது இரண்டுதான். சீதையை எவன் தூக்கிப் போனான், எந்தத் திக்கில் போனான். மூச்சு கொஞ்சம்தான் மிச்சம் என்று தெரிந்தவர் பேச்சு அது.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெற்குன்னு சொன்னதை இராமர் வடக்குன்னு கேட்டிருந்தா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டேன்.