மோந்து பாரும்மா

கத்திரி வெயில் நாள். சேலையூரில் காற்று அசையவே இல்லை. தெருவில் விளையாடிவிட்டு வியர்த்து விறுவிறுத்து வந்த மகளுக்கு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். மீட்டரில் 342. பக்கத்து வீட்டில் அன்று பிறந்தநாள். என் வாயில் முதலில் வந்தது, “அங்க என்ன சாப்பிட்ட?”

“எதுவும் சாப்பிடலம்மா.”

நான் நம்பவில்லை. இன்சுலின் பம்பில், சர்க்கரையை இறக்கும் கரெக்‌ஷன் டோஸ் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து 378. வயிறு வலிக்கிறது என்றாள். பம்பின் திரையோ டோஸ் முழுவதும் போய்விட்டது என்றது. அலாரமும் அடிக்கவில்லை.

பம்பின் குழாயை உடம்போடு இணைக்க வயிற்றில் ஒட்டியிருந்த செட்டைப் பார்க்கக் குனிந்தபோதுதான் அந்த வாடை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வருமே, அதே நெடி. இன்சுலின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கிரெசாலின் மணம் அது. பிளாஸ்டரை உரித்தேன். அடியில் ஒரே ஈரம். தோலுக்குள் இருக்கவேண்டிய 6 மில்லிமீட்டர் கேனுலாக் குழாய் வெந்த சேமியா போல மடங்கிக் கிடந்தது. மருந்து உள்ளே இறங்காமல் தோல்மேல் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

டாக்டருக்குப் போன் செய்தேன். “பம்பை விடுங்க, சிரிஞ்சுல போடுங்க. கீட்டோன் பாருங்க, தண்ணி கொடுங்க, செட்டைப் புதுசா மாட்டுங்க” என்றார். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எண் இறங்கியது. அவள் தூங்கிய பிறகும் “எதுவும் சாப்பிடலம்மா” என்ற குரல் என்னை விடவில்லை.

பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துவிடும் இன்சுலின் மட்டும்தான். நாள் முழுக்கத் தாங்கும் மருந்து உடம்பில் கையிருப்பாக இல்லை. வரத்து நின்றால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறத் தொடங்கிவிடும். என் மகளுக்கு அடிப்படை அளவு மணிக்கு 0.2 யூனிட். ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். கணக்குப் போட்டால், சாப்பாட்டு டோஸ் போக, ஒரு நாள் முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே சொட்டு! குழாயில் அழுத்தம் கூடினால்தான் அடைப்பு அலாரம் அடிக்கும். இவ்வளவு சிறிய அளவில் அழுத்தம் கூடவே பல மணி நேரம் ஆகும். வெளியே கசிந்தால் அழுத்தம் ஏறவே ஏறாது.

மருந்து பலிக்காமல் போவது புதிதல்ல. இன்சுலின் ஊசி மனிதருக்கு முதன்முதலில் போடப்பட்டது 1922 ஜனவரி 11 அன்று, டொரோன்டோவில், லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு. அது சரியாகப் பலிக்கவில்லை. மருந்தில் கலந்திருந்த அசுத்தத்தை நீக்கி, ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள்; பலித்தது. சர்க்கரை போதுமான அளவு இறங்காதபோது அவர்கள் மருந்தைத்தான் திருத்தினார்கள். நான் குழந்தையைத் திருத்தப் பார்த்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் சில வழக்கங்கள். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த இன்சுலினைக் குளிர் போகும்வரை வெளியே வைத்த பிறகே நிரப்புவேன். இல்லாவிட்டால் குழாயில் காற்றுக் குமிழி சேரும். குளித்ததும் ஈரம் துவட்டி, ஃபேனுக்கடியில் தோலை நன்றாக உலரவிட்டுத்தான் ஒட்டுவேன்; நம் ஊர் வியர்வைக்குப் பிளாஸ்டர் அப்படித்தான் நிற்கும். தூங்கப்போகும் நேரத்தில் செட் மாற்றுவதில்லை. மாற்றிய இரண்டு மணி நேரத்தில் கட்டாயம் ஒருமுறை சர்க்கரை பார்ப்போம். காரணமில்லாமல் 250 தாண்டி, ஒரு கரெக்‌ஷனுக்கும் இறங்காவிட்டால் சிரிஞ்ச், கீட்டோன், புது செட். அதன் பிறகுதான் மற்ற கேள்விகள்.

போன வாரம் மறுபடி 290. நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“மோந்து பாரும்மா.”