பெரகல சந்தியில் ஒரு பொதி காளான்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மலையேறி வரும் நெடுஞ்சாலை பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை என்று மேலேறும். மற்றையது கொஸ்லந்தை வழியே வெல்லவாயவுக்கு இறங்கும். மூடுபனி இறங்கிவிட்டால் எந்தக் கிளை எங்கே போகிறது என்பது பஸ் சாரதிகளுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். உறவினர் வீட்டுச் சடங்கொன்றுக்காகப் பதுளை சென்று திரும்பும் வழியில், அப்படியொரு பனிக் காலையில், தேநீர் அருந்த அங்கே இறங்கினேன்.

தெருவோரக் கடைப் பலகையில் வெண்ணெய்ப்பழங்களுக்கு அருகே, சிறு பொலித்தீன் பொதிகளில் சிப்பிக் காளான் அடுக்கப்பட்டிருந்தது. சிங்கள நண்பர்கள் காளானைப் 'பிம்மல்' என்பார்கள். நிலப்பூ என்று பொருள். அந்தக் காலையில் அது பூவாகவே தெரிந்தது.

"விடியக் காலையில பறிச்சதுங்க ஐயா. நம்ம வீட்டுக் கொட்டில்லயே வளர்க்கிறோம். சீனி, பிரஷர், புற்றுநோய் எல்லாத்துக்கும் நல்லது. பேப்பர்லயே போட்டிருந்தாங்க" என்றார் கடையிலிருந்த பெண்.

பேப்பரில் போட்டிருந்தார்கள் என்ற சொல் என்னைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தபோது, உடல்நலப் பக்கத்தில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. ஆய்வுகூட எலிகளுக்குக் காளான் சாறு கொடுத்துப் பார்த்த செய்தியொன்று கைக்கு வந்தது. மூலச் செய்தியில் 'குறைக்கக்கூடும்' என்றிருந்தது. இடம் போதாமல் நான் இட்ட தலைப்பு 'நீரிழிவை விரட்டும் காளான்'. சில மாதங்கள் கழித்துத் தோட்டத்துக்குப் போனபோது, லயத்தில் என் சின்னம்மா அந்தத் துண்டைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். மாத்திரையை நிறுத்தி வெகு நாட்களாகியிருந்தன. காலில் ஆறாத புண். பின்னர் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. "நீ இருக்கிற பேப்பர்ல பொய்யா வரும் ராசா?" என்று மட்டுமே கேட்டார். இன்றுவரை என்னிடம் அதற்கு விடை இல்லை.

ஆகவே, காளானைப் பற்றி இப்போது அளந்து சொல்கிறேன்.

பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். நூறு கிராமில் ஏறக்குறைய மூன்று கிராம் புரதமும், நார்ச்சத்தும், பொட்டாசியமும், பி வகை விட்டமின்கள் சிலவும் உண்டு. கொழுப்பும் மாவுச்சத்தும் குறைவு. ஆதலால் சீனி வியாதிக்காரர் தயங்காமல் உண்ணலாம். அதற்காக மாத்திரையின் இடத்தை அது பிடித்துக்கொள்ளாது. கொலஸ்ட்ரோலுக்கான மருந்தாக வழங்கப்படும் லோவாஸ்டட்டின் சிப்பிக் காளானிலும் இருப்பது மெய். ஆனால் அதன் அளவு ஒரே சீராக இருப்பதில்லை. கறிச்சட்டியை நம்பி மருந்தளவு தீர்மானிக்க முடியாது. காளானிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ப்பொருளும், எர்கோதயோனின் என்ற சேர்மமும் ஆராயப்பட்டு வருகின்றன. நம்பிக்கை தரும் ஆராய்ச்சிதான். குணப்படுத்தும் என்று கூறும் நிலை இன்னும் வரவில்லை.

ஒரு விந்தையைச் சொல்லத்தான் வேண்டும். இருட்டில் வளர்ந்த காளானில் விட்டமின் டி மிகக் குறைவு. அதையே நறுக்கி நண்பகல் வெயிலில் அரைமணி நேரம் பரப்பி வைத்தால், அதிலுள்ள எர்கோஸ்டெரோல் விட்டமின் டி2 ஆக மாறத் தொடங்குகிறது. பெரகலயில் வெயில் கிடைக்கும் நாளில் செலவின்றிச் செய்யக்கூடிய காரியம் இது.

பக்கத்தில் விளைந்தது என்பதன் பெருமையும் இதைப் போலவே எளியது. காளான் சீக்கிரம் வாடும், கெடும். தூரத்திலிருந்து வருவது சில வேளை கேட்டையும் கூடவே கொண்டுவரும். 2020இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட லிஸ்டீரியா தொற்று, கொரியாவிலிருந்து இறக்குமதியான எனோக்கி காளானோடு தொடர்புடையதாயிருந்தது. 36 பேர் நோயுற்றனர், நால்வர் மாண்டனர். உள்ளூர்க் காளானையும் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

மழைக்கு முளைக்கும் காட்டுக் காளானின் கதை வேறு. வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நஞ்சில்லை என்று என் அம்மா நம்பினார். உயிர் குடிக்கும் அமடொக்சின் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்யாது, சமைத்தாலும் அழியாது. உண்டு பல மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டும்.

அந்தப் பெண் கொட்டிலைக் காட்டினார். ரப்பர் மரத்தூளும் தவிடும் சுண்ணாம்பும் கலந்து, பைகளில் அடைத்து, பீப்பாவில் ஆவியில் அவித்து, வித்திட்டு அடுக்கியிருந்தார். பனியின் ஈரம் அவருக்கு இலவசம். சிப்பிக் காளான் உதிர்க்கும் நுண்வித்துகள் நெஞ்சடைப்பையும் இருமலையும் தரக்கூடும்; மூக்கை மூடிக்கொண்டு பறிக்கச் சொன்னேன்.

2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெருந்தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர்கள். நாடு முழுவதற்குமான விகிதம் 17 சதவீதம். ரொட்டியும் சம்பலும் மட்டுமே கொண்ட தட்டில், பருப்புக்கும் முட்டைக்கும் துணையாக ஒரு காளான் கறி சேருமானால் அதுவே பெரிய நன்மை. விற்ற காசில் முட்டை வாங்க முடிந்தால் அது இன்னும் பெரிது.

இரண்டு பொதிகள் வாங்கினேன். சின்னம்மாவின் கதையையும் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அப்ப நான் என்னன்னு சொல்லி விக்கிறதுங்க ஐயா?" என்று கேட்டார்.

"விடியக் காலையில பறிச்சதுன்னு சொல்லுங்கம்மா. அது போதும்" என்றேன்.