கடைசியா யார் கை வெச்சது?

இந்த செமஸ்டர் லீவில் எத்தனை பேர் இன்பிளான்ட் டிரெயினிங் உண்மையாகவே போனீர்கள், எத்தனை பேர் சர்டிபிகேட் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள்? கையெல்லாம் தூக்க வேண்டாம். போன வருஷம் நானும் ரெண்டாவது கோஷ்டிதான். இந்த முறை நிஜமாகவே போனேன். பெரிய கம்பெனி எதுவும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், சுற்றுலா வருபவர்கள் ஓட்டும் வாட்டர் ஸ்கூட்டர்களைப் பழுது பார்க்கும் ஒரு தகரக் கொட்டகை. மேஸ்திரி அண்ணன், தினக்கூலிக்கு வேலை செய்யும் பத்தொன்பது வயசுத் தம்பி, அப்புறம் நான். மொத்தம் மூன்று பேர்.

அங்கே நடந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதில் கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம் இருக்கு, என்னோட தப்பும் இருக்கு. ரெண்டையும் சேர்த்தே படியுங்கள்.

வியாழக்கிழமை சர்வீஸ் முடித்துக் கொடுத்த வண்டி, வெள்ளிக்கிழமை காலையிலேயே திரும்பி வந்தது. "அண்ணே, ஸ்டார்ட் ஆகுது, ஓடுது, ஆனா இழுவையே இல்ல. நாளைக்கு சனிக்கிழமை, கூட்டம் வரும். என்ன பண்ணுவீங்களோ தெரியாது" என்று சொல்லிவிட்டு ஓனர் போய்விட்டார்.

வாட்டர் ஸ்கூட்டரும் ஜெட் படகும் ஒரே குடும்பம். வெளியே சுற்றும் புரொப்பெல்லர் கிடையாது. அடியில் இருக்கும் கம்பித் தடுப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். இம்பெல்லர் அதைத் தள்ளும். பின்னால் குறுகலான நாசில் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அதன் எதிர்விசையில் வண்டி முன்னே போகும். நியூட்டனின் மூன்றாம் விதி, அவ்வளவுதான்.

இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டு வந்தவர் நியூசிலாந்துக்காரர் பில் ஹாமில்டன். அவர் ஊர் ஆறுகளில் ஆழம் குறைவு, புரொப்பெல்லர் கல்லில் அடிபடும். அதனால் 1950-களில் ஜெட்டில் இறங்கினார். ஆரம்பத்தில் அவர் படகும் எதிர்பார்த்த வேகம் போகவில்லை. நாசிலை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டு வந்த பிறகுதான் வேகம் கூடியது. 1977-ல் எட்மண்ட் ஹிலாரி குழுவினர் கங்கை முகத்துவாரத்திலிருந்து இமயமலை நோக்கி ஆற்றை எதிர்த்துப் போனதும் ஜெட் படகுகளில்தான். அதாவது, "ஏன் வேகம் போகல?" என்ற கேள்வி இந்த இயந்திரம் பிறந்ததிலிருந்தே கூட வருகிறது.

சரி, நம்ம கொட்டகைக்கு வருவோம். வண்டியைத் தண்ணியில் இறக்கச் சொன்ன அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, வண்டி கத்துதா, கத்தலையா? அதை முதல்ல பாத்துட்டு வா."

இந்த ஒரு கேள்வியை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சின் முழு ஆர்.பி.எம். எடுத்து அலறுது, ஆனா வண்டி நகரலைன்னா, கோளாறு பம்ப் பக்கம். கம்பித் தடுப்பில் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கலாம். இம்பெல்லர் விளிம்பு மணலில் தேய்ந்து, அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கலாம். எங்காவது காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அதுவே ஆர்.பி.எம். ஏறவே இல்லைன்னா, முதலில் எஞ்சின் பக்கம் போக வேண்டும்.

முழு திராட்டில் கொடுத்துப் பார்த்தேன். வழக்கமாக 7,500-ஐத் தொடும் வண்டி 5,800-லேயே நின்றுவிட்டது. கத்தலை.

"கால்வாசிகூடக் குறையலையே அண்ணே" என்றேன். அண்ணன் சிரித்தார். ஏன் என்று எனக்கு ராத்திரிதான் புரிந்தது. ஃப்ளூயிட் மெஷினரி பேப்பரில் ரெண்டு மார்க்குக்குப் படித்தோமே, பம்ப் எடுத்துக்கொள்ளும் பவர் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதம் என்று? 5,800-ஐ 7,500-ஆல் வகுத்து மும்மடி எடுங்கள். சுமார் 0.46. ஆர்.பி.எம்.-ல் கால்வாசிக்கும் குறைவான இழப்பு, பவரில் பாதிக்கும் மேல் இழப்பு! பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சூத்திரத்தின் அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தோம். அண்ணனின் சட்டம், ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம்தான். ரெண்டை ஒண்ணா மாத்தினா எது சரியாச்சுன்னு தெரியாது.

முதலில் அடிப்பக்கம். கொஞ்சம் வலை நூல் சிக்கியிருந்தது. எடுத்தோம். இம்பெல்லர் கையால் சுற்றினால் லேசாகச் சுற்றியது. மறுபடி ஓட்டினால் அதே 5,800.

அடுத்து எச்சரிக்கை விளக்கு. சூடு ஏறினாலோ ஆயில் பிரஷர் குறைந்தாலோ, ஈ.சி.யூ. தானாகவே வேகத்தைக் கட்டுப்படுத்தும். அதற்கு லிம்ப் மோட் என்று பெயர். ஆனால் விளக்கு எதுவும் எரியவில்லை.

அடுத்து பெட்ரோல். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தோம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். தங்கவில்லை. திராட்டில் கேபிளும் கடைசி வரை இழுத்தது.

அப்போது அண்ணன் என்னைப் பார்த்து, "காத்து?" என்றார்.

"ஏர் பாக்ஸ் நேத்து நான்தான் கழட்டி சுத்தம் பண்ணேன் அண்ணே. அது பக்கா."

அந்த "பக்கா" என்ற வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள். திறந்து பார்த்துச் சொன்னதில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னது. படிக்கிற பையன் சொல்றானே என்று அண்ணனும் நம்பிவிட்டார்.

மிச்சம் இருந்தது ஸ்பார்க் பிளக். அதை மாற்றியது அந்தத் தம்பி. "இடைவெளி பாத்தியா? ஒழுங்கா முடுக்கினியா?" என்று அண்ணன் குரலை உயர்த்தினார். அவன் "பாத்தேன்ணே" என்றான், யாரும் நம்பவில்லை. மூன்று பிளக்கையும் கழற்றிப் புதுசு போட்டோம். அதே 5,800. கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தோம். மூன்று சிலிண்டரும் சமமாகத்தான் காட்டியது. மணி ரெண்டரை ஆகிவிட்டது. ஓனர் நாலு தடவை போன் செய்துவிட்டார். "என்னமோ பண்ணி வெச்சிருக்கான். இன்னிக்குக் கூலி கிடையாது" என்றார் அண்ணன். தம்பி ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் கை துடைக்கப் பனியன் வேஸ்ட் எடுக்கப் போனேன். முந்தின நாள் ஒரு பெரிய துணியை நான்காகக் கிழித்து வைத்திருந்தேன். மூன்றுதான் இருந்தது.

வயிற்றுக்குள் என்னமோ செய்தது. ஏர் பாக்ஸைக் கழற்றியிருந்தபோது, நட்டு எதுவும் உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்று திராட்டிலுக்குப் போகும் குழாயின் வாயில் ஒரு துணியைச் செருகினேன். அப்போது வீட்டிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து எல்லாவற்றையும் மாட்டினேன். துணியை எடுத்த ஞாபகம் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. இருபது நிமிஷம் சும்மா இருந்தேன். அண்ணன் சாப்பிடப் போனால் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை, டீ வாங்கி வரச் சொன்னார். தம்பி மூன்று டீ வாங்கி வந்து, முதல் கிளாஸை என்னிடம் நீட்டினான். "சூடா இருக்குண்ணே, பாத்து" என்றான்.

அதற்கு மேல் முடியவில்லை. "அண்ணே, ஏர் பாக்ஸைத் திறக்கணும். உள்ள துணியை விட்டுட்டேன்னு நினைக்கிறேன்" என்றேன்.

திறந்தோம். குழாய்க்குள் இருக்கும் கம்பி வலையில் துணி பாதியை மூடிக்கொண்டு ஒட்டியிருந்தது. மெதுவாக ஓடும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் காற்று போதும், அதனால் ஒழுங்காக ஓடியது. முழு வேகத்துக்குத்தான் காற்று பற்றவில்லை. புகையோ நடுக்கமோ இல்லாததற்கும் காரணம் இருந்தது. உள்ளே காற்றழுத்தம் குறைவதைப் பார்த்து, சென்சார் சொன்னபடி ஈ.சி.யூ. பெட்ரோலையும் குறைத்துக்கொண்டது. என் தப்புக்கு ஏற்றபடி வண்டி தன்னைச் சரிசெய்துகொண்டு ஓடியிருக்கிறது.

துணியை எடுத்துவிட்டு ஓட்டினோம். 7,500.

அண்ணன் திட்டவில்லை. துணியை என் கையில் வைத்து, "இந்த வலை இல்லாம இருந்து, இது திராட்டில்ல போய்ச் சிக்கியிருந்தா? கையை விட்டாலும் வேகம் குறைஞ்சிருக்காது. மேல யார் உக்காந்திருப்பா, யோசிச்சியா?" என்றார். நான் யோசித்திருக்கவில்லை. இழுவை இல்லை, நேரம் போச்சு என்பதுதான் அதுவரை என் கவலை.

அப்புறம், "எங்கிட்ட சொல்லிட்டே. அவன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்றான். கொஞ்சம் நேரம் கழித்து, "நான் இடைவெளி பாத்துதான் போட்டேன்" என்றும் சொன்னான். அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அன்றைய கூலியை அண்ணன் முழுசாகக் கொடுத்தார்.

நண்பர்களே, ஃபைனல் இயர் பிராஜெக்டில் உங்கள் மாடலும் ஒரு நாள் ஓடாது. அப்போது புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: நேத்து ஓடினது இன்னிக்கு ஓடலைன்னா, நடுவுல யார் என்ன தொட்டது? அந்தப் பட்டியலில் உங்கள் பெயரை முதலில் எழுதுங்கள். "அது பக்கா" என்று சொல்ல வேண்டியிருந்தால், திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் அடைத்து வைத்த கதவைத் தாண்டி யாரும் தேட மாட்டார்கள், வேறொருவன் தலையில் பழி விழும்.

இப்போதெல்லாம் குழாய்க்குள் துணி செருகினால், நீளமான சிவப்புத் துணியாக எடுத்து, முக்கால்வாசி வெளியே தொங்க விடுகிறேன். வேலை முடிந்ததும் எண்ணிப் பார்க்கிறேன். நாலு கிழித்தால் நாலும் கைக்கு வர வேண்டும்.